மனக்காயம் பட்ட பிள்ளை பிறரைக் காயப்படுத்தும்போது: கண்டிப்பு முகாமா, வேறு வழியா?

கேள்வி
எழுதியவர்: மாலை வகுப்பு ஒருங்கிணைப்பாளர், செந்தூல்

அனைவருக்கும் வணக்கம். கோலாலம்பூர், செந்தூல் வட்டாரத்தில் ஒரு கோயில் மண்டபத்தில் மாலை நேரப் பாட வகுப்பொன்றைச் சில தொண்டர்களோடு சேர்ந்து நடத்தி வருகிறேன். வருகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் பக்கத்து மலிவு விலை அடுக்குமாடி வீடுகளில் வசிப்பவர்கள். பெற்றோர் வேலை முடிந்து வீடு திரும்பவே இரவாகிவிடும். கணிதமும் மலாய்மொழியும் சொல்லித் தருவதற்காகத் தொடங்கிய வகுப்பு இது. இப்போது எங்கள் முன் நிற்கும் கேள்வி பாடத்தைப் பற்றியது அன்று.

இடைநிலைப்பள்ளியில் இரண்டாம் படிவத்தில் படிக்கும் பையன் ஒருவன் வருகிறான். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியே எழுதுகிறேன். தந்தை சிறையில் இருக்கிறார். அதற்குமுன் அவர் மனைவியை அடித்ததையெல்லாம் பார்த்து வளர்ந்தவன். அவனுக்கும் அடி விழுந்திருக்கிறது. தாய் வேறு ஊருக்குப் போய்விட்டார். இப்போது பாட்டியின் பராமரிப்பில் இருக்கிறான். சுவரை ஒட்டிய நாற்காலியில்தான் உட்காருவான்; வேறு யாராவது அங்கே உட்கார்ந்துவிட்டால் அன்று முழுவதும் முறைத்துக்கொண்டே இருப்பான். தேநீர் வேளையில் கொடுக்கும் ரொட்டியில் பாதியைப் பைக்குள் வைத்துக்கொள்வான். சிறு சீண்டலுக்கும் கை ஓங்கிவிடுகிறான்.

சென்ற மாதம் அவன் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, தொண்டர் ஒருவர் பின்னால் வந்து தோளைப் பிடித்து அதை வாங்க முயன்றார். எழுந்த வேகத்தில் நாற்காலியைத் தூக்கி வீசிவிட்டான். அது தொடக்கப்பள்ளி ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவனின் புருவத்தைக் கிழித்தது. மருத்துவமனையில் தையல் போட வேண்டியதாயிற்று. வீசியவனோ மண்டபத்துக்கு வெளியே செருப்பு விடும் இடத்தில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தான். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டதற்கு, "தெரியல டீச்சர்" என்பதைத் தவிர வேறு பதிலில்லை.

நிர்வாகக் குழுவில் சிலர் அவனை வகுப்பிலிருந்து நீக்கிவிட வேண்டும் என்கிறார்கள். சிலர் பள்ளி விடுமுறையில் நடக்கும் கண்டிப்பு முகாம் ஒன்றுக்கு அனுப்பச் சொல்கிறார்கள். இளைஞர்களைச் சிறைக்கு அழைத்துச் சென்று அங்குள்ள வாழ்க்கையைக் காட்டினால் புத்தி வரும் என்றும், அவனையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றும் ஒருவர் சொன்னார். அடியாத மாடு படியாது என்று பெரியவர் ஒருவர் ரோத்தானையே, அதாவது பிரம்படியையே, நினைவூட்டினார். யாருக்கும் கெட்ட எண்ணமில்லை. எல்லாரும் அவன் திருந்த வேண்டும் என்றே விரும்புகிறார்கள். ஆனால் இவற்றில் எதுவும் எனக்கு மனம் ஒப்பவில்லை. அடிபட்ட மாணவனின் தாய், "என் பிள்ளைக்குப் பாதுகாப்பு உண்டா?" என்று கேட்கிறார். அவருக்கும் நான் பதில் சொல்ல வேண்டும். இத்தகைய பிள்ளைகளோடு பழகிய அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பதில் 1
எழுதியவர்: ஓய்வுபெற்ற வழிகாட்டி ஆலோசக ஆசிரியர், பட்டர்வொர்த்

வணக்கம் அம்மா. தாங்கள் எழுதியதிலேயே விடையின் பெரும்பகுதி இருக்கிறது. சுவரை ஒட்டி உட்காருகிறான் என்றால், முதுகுப்பக்கம் யாரும் வர முடியாத இடத்தைத் தேடி உட்காருகிறான் என்று பொருள். ரொட்டியை மறைத்து வைக்கிறான் என்றால், அடுத்த வேளை உணவின்மீது அவனுக்கு நம்பிக்கையில்லை. அப்படிப்பட்டவனின் தோளில் பின்னாலிருந்து ஒரு கை விழுந்தது. வீட்டில் பல ஆண்டுகள் அப்படி விழுந்த கைக்குப் பின் என்ன நடந்ததோ, அதற்கே அவன் உடல் அன்றும் தயாரானது. ஆபத்தை உணரும் மூளைப்பகுதி விழித்துக்கொண்டால், விளைவை எண்ணிப் பார்த்து அடக்கிக்கொள்ளும் முன்மூளை பின்தங்கிவிடுகிறது. அந்த முன்மூளையோ இருபது வயதுக்குப் பிறகும் முதிர்ந்துகொண்டிருப்பது. ஆகவே "தெரியல டீச்சர்" என்று அவன் சொன்னதைப் பொய்யென்று நான் கருதமாட்டேன்.

இதைச் சொல்லும்போது இரண்டு உண்மைகளைச் சேர்த்தே சொல்ல வேண்டும். அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் 1995 முதல் 1997 வரை 17,000க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் அவர்களுடைய குழந்தைப் பருவத்தைப் பற்றிக் கேட்டறிந்தார்கள். அடி உதை, புறக்கணிப்பு, வீட்டில் வன்முறை, குடும்பத்தில் ஒருவர் சிறையில் இருப்பது போன்ற துன்ப அனுபவங்கள் கூடக்கூடப் பிற்காலத்தில் குடிப்பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவையும் கூடியதை 1998 முதல் வெளிவந்த அந்த ஆய்வின் முடிவுகள் காட்டின. அது பலரும் அறிந்த செய்தி. மற்றொன்றைப் பலர் சொல்வதில்லை. கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளானதாக நீதிமன்றப் பதிவு பெற்ற 908 பிள்ளைகளைப் பின்தொடர்ந்து 1989இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வொன்றில், இளம் வயதிலேயே கைதானவர்கள் 26 விழுக்காடு. அத்தகைய பதிவில்லாத ஒத்த பிள்ளைகளிடையே 17 விழுக்காடு. வேறுபாடு உண்மையானது; ஆனாலும் அடிபட்டு வளர்ந்தவர்களில் நான்கில் மூவர் அப்படிக் கைதாகவில்லை. இவன் தந்தையைப் போலத்தான் ஆவான் என்று குழுவில் யாராவது பேசினால், தயவுசெய்து இந்தக் கணக்கை எடுத்துச் சொல்லுங்கள். பிள்ளையின் காதில் அந்தப் பேச்சு விழவே கூடாது.

நாளையே செய்யக்கூடியவை சில உண்டு. சுவரோர நாற்காலியை அவனுக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். அதைச் சலுகையாக அறிவிக்காமல், எல்லாப் பிள்ளைகளுக்கும் நிலையான இடம் என்ற ஏற்பாடாகச் செய்யுங்கள். மாலை எந்த வரிசையில் நடக்கும் என்பதைப் பலகையில் எழுதி, மாற்றம் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். அவனிடமிருந்து எதையாவது வாங்க வேண்டுமென்றால், முன்பக்கமாக வந்து, சற்று ஒதுங்கி நின்று, பெயர் சொல்லி அழைத்து, "ஐந்து நிமிடத்தில் கைப்பேசியைக் கூடையில் வைத்துவிடு" என்று அவகாசம் கொடுத்துச் சொல்லுங்கள். யாரும் அவனைத் தொட வேண்டாம். கொதிப்பு ஏறுவது தெரிந்தால் அவனை வெளியே இழுப்பதைவிட மற்றப் பிள்ளைகளை மெதுவாக நகர்த்துவதே நல்லது. அந்நேரத்தில் அறிவுரை வேண்டாம், கேள்வியும் வேண்டாம். உடல் அடங்கிய பிறகு, தண்ணீர் குடித்த பிறகு, அவன் நம்பும் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் நடந்ததைப் பேச முடியும். அதுவரை சொல்வது எதுவும் அவனுக்குள் போகாது.

ரோத்தானைப் பற்றி ஒரு வரி. பள்ளியிலேயே அதைப் பயன்படுத்தும் உரிமை 1959ஆம் ஆண்டின் பள்ளிக் கட்டொழுங்கு விதிகளின்படி தலைமையாசிரியருக்கும் அவர் அதிகாரமளித்தவருக்கும் மட்டுமே உண்டு. அதுவும் ஆண் மாணவர்மீது, வரம்புகளுக்கு உட்பட்டு. கோயில் மண்டபத்தில் தொண்டர் எவருக்கும் அந்த உரிமை கிடையாது. அடியினால் இந்நிலைக்கு வந்த பிள்ளையிடம், பெரியவர்கள் எல்லாரும் அடிப்பவர்களே என்று இன்னொரு முறை நிரூபிக்க வேண்டுமா என்றும் அந்தப் பெரியவரைக் கேளுங்கள்.

பதில் 2
எழுதியவர்: ஒரு தந்தை, பிரிக்பீல்ட்ஸ்

ஆசிரியர் ஐயா எழுதியதை மதிப்போடு படித்தேன். ஆயினும் ஒரு தகப்பனாக நான் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். என் மகனைப் பள்ளியில் வகுப்புத் தோழன் ஒருவன் தொடர்ந்து அடித்து வந்தான். நாங்கள் புகார் கொடுத்த ஒவ்வொரு முறையும், அடித்தவனின் வீட்டுச் சூழ்நிலையைப் பற்றியே எங்களுக்கு விளக்கம் சொன்னார்கள். அந்தப் பையனின் துன்பம் உண்மையாகவே இருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் என் மகன் இரவில் விளக்கை அணைக்க விடாமல் படுத்திருந்த நாள்களில், அவனுக்கு என்ன தேவை என்று ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில் பள்ளி மாறியவன் அவன்தான்.

தையல் போட்ட அந்தச் சிறுவன் மறுபடியும் அதே மண்டபத்துக்குள் நுழையும்போது அவன் வயிறு என்ன பாடுபடும்? அவனுக்கும் இது மனக்காயம்தானே? அடித்தவனுக்கு நிலையான நாற்காலி, அவகாசம், மென்மையான பேச்சு. அடிபட்டவனுக்கு ஒரு "மன்னிப்பு" என்று முடித்துவிடுவீர்களா? இந்த அணுகுமுறையைப் பேசுகிறவர்கள் இதற்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும்.

பதில் 3
எழுதியவர்: சமூக நலப் பணியாளர், கோலாலம்பூர்

பிரிக்பீல்ட்ஸ் ஐயாவின் கேள்வி இந்த உரையாடலின் மையத்தில் இருக்க வேண்டியது. அதற்கே முதலில் பதில் எழுதுகிறேன். மனக்காயத்தை அறிந்து செயல்படுவதற்கான கோட்பாடுகளில் முதலாவது பாதுகாப்பு; அது அடித்தவனுக்கு மட்டும் உரியதன்று, அந்த அறையில் இருக்கும் அனைவருக்கும் உரியது. அடிபட்ட பிள்ளையைப் பயத்தோடு உட்கார வைத்துவிட்டு, அடித்தவனுக்கு மட்டும் கனிவு காட்டும் இடம் அந்தப் பெயருக்குத் தகுதியற்றது.

ஆகவே முதல் வேலை அந்த ஆறாம் ஆண்டு மாணவனிடமும் அவன் தாயிடமும் போய் உட்காருவது. எந்த நாளில் வர விரும்புகிறான், எங்கே உட்கார விரும்புகிறான், யார் பக்கத்தில் இருந்தால் தைரியமாக இருக்கும் என்று அவனையே கேளுங்கள். சில வாரங்களுக்கு இருவரும் ஒரே நாளில் வராதபடி பிரித்துவிடுங்கள். அப்படிப் பிரிக்கும்போது நாளை மாற்றிக்கொள்ள வேண்டியவன் பெரியவன், சிறியவன் அல்லன். இருவரையும் நேருக்கு நேர் நிறுத்தி மன்னிப்புக் கேட்கச் சொல்லும் வழக்கத்தைக் கைவிடுங்கள். சிறியவன் விரும்பினால், இருவரும் ஆயத்தமான பிறகு, அது நடக்கட்டும். பெரியவன் இதற்கிடையில் ஈடுசெய்யும் வேலை ஏதாவது செய்யலாம். உடைந்த நாற்காலியைத் தொண்டர் ஒருவரோடு சேர்ந்து பழுது பார்ப்பது அவனால் செய்யக்கூடிய ஒன்று. காரணத்தைப் புரிந்துகொள்வது பொறுப்பிலிருந்து விடுவிப்பதாகாது. "நாற்காலியை வீசக் கூடாது, இங்கே யாருக்கும் அடி விழக் கூடாது" என்ற விதி அவனுக்கும் உண்டு. அதைக் கத்தாமலும் அவமானப்படுத்தாமலும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நிறைவேற்ற வேண்டும் என்பதே வேறுபாடு.

இனி, குழு முன்வைத்த யோசனைகள். சிறையைக் காட்டிப் பயமுறுத்தும் முறை 1970களில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்துச் சிறையொன்றில் புகழ்பெற்றுப் பல இடங்களுக்குப் பரவியது. பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்துச் செய்த ஒன்பது சோதனைகளைப் பின்னர் ஆய்வாளர்கள் தொகுத்துப் பார்த்தபோது, சிறையைப் பார்க்கப் போனவர்கள், போகாதவர்களைவிட அதிகமாகவே குற்றங்களில் ஈடுபட்டிருந்தார்கள். பயனில்லை என்பதோடு நிற்கவில்லை, கெடுதல் செய்தது. தந்தை சிறையில் இருக்கும் பிள்ளைக்கு அந்தப் பயணம் என்ன செய்யும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

கண்டிப்பு முகாமிலும் இதே இடர் உண்டு. சிக்கலில் இருக்கும் பதின்ம வயதினரை மட்டும் ஒன்றாகக் கூட்டி வைத்தால், அவர்கள் ஒருவரிடமிருந்து மற்றவர் கற்றுக்கொள்வது பல நேரங்களில் பயிற்சியாளர் நினைத்ததாக இருப்பதில்லை என்று 1999இல் வெளிவந்த ஆய்வொன்று எடுத்துக்காட்டியது. ஒருவன் வம்பை விவரிக்க, மற்றவர்கள் சிரித்துப் பாராட்ட, அதுவே பாடமாகிவிடுகிறது. உங்கள் மாலை வகுப்பில் எல்லா விதமான பிள்ளைகளும் கலந்திருக்கிறார்கள். அவனுக்கு அதைவிட நல்ல இடம் முகாமில் கிடைக்காது.

பலனளித்தவை எவை என்றால், பயமுறுத்தாமல் நிதானத்தைப் பழக்கியவை. சிகாகோ நகரப் பள்ளிகளில் ஏழ்மையான வட்டாரங்களைச் சேர்ந்த ஆண் மாணவர்களுக்காக நடத்தப்பட்ட குழுப்பயிற்சி ஒன்றில், முதலில் இருவர் இருவராகப் பிரித்து, ஒருவன் கையில் பந்தைக் கொடுத்து, மற்றவனிடம் "அரை நிமிடத்தில் அதை எடுத்துவிடு" என்பார்கள். உடனே இழுபறியும் மல்லுக்கட்டலும் தொடங்கிவிடும். நேரம் முடிந்த பிறகு பயிற்சியாளர் கேட்பது ஒன்றுதான்: "பந்தைக் கொடு என்று யாராவது கேட்டீர்களா?" இப்படி நின்று யோசிக்கப் பழக்கியதில், பயிற்சி நடந்த காலத்தில் வன்முறைக் குற்றங்களுக்காகக் கைதாவது 45 முதல் 50 விழுக்காடு வரை குறைந்தது. பயிற்சி நின்ற பிறகு அந்தக் குறைவு அதே அளவில் நீடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்; ஒரு முறை செய்துவிட்டு விட்டுவிடும் வேலை இது அன்று.

அதேபோல், பள்ளி முழுவதையும் மனக்காயத்தை அறிந்த இடமாக மாற்றுவது பற்றிய ஆய்வுகளை 2019இல் திரட்டிப் பார்த்தவர்கள், தாங்கள் வகுத்த தரத்துக்குப் பொருந்தும் ஆய்வு ஒன்றுகூட இல்லை என்றே எழுதினார்கள். பெயர்ப்பலகை மாட்டுவதாலும் ஒரு நாள் பயிலரங்கு நடத்துவதாலும் எதுவும் மாறிவிடாது. தனிப் பிள்ளைக்குத் தரும் சிகிச்சையின் நிலை வேறு. மனக்காயத்தை மையமாகக் கொண்டு சிந்தனையையும் நடத்தையையும் சீர்செய்யும் சிகிச்சை பெரும்பாலும் 12 முதல் 16 அமர்வுகள் கொண்டது. பராமரிப்பவரையும் சேர்த்துக்கொண்டு நடப்பது. ஆதாரம் வலுவாக உள்ளது.

இங்கே நாம் தொடங்க வேண்டிய இடம் பக்கத்து அரசாங்கச் சுகாதார மருந்தகம். அங்கிருந்து பரிந்துரைக் கடிதம் பெற்றால் அரசாங்க மருத்துவமனையின் குழந்தை மனநலப் பிரிவுக்குப் போகலாம். காத்திருக்கும் காலம் நீளலாம் என்பதால் இப்போதே தொடங்குங்கள். பள்ளியின் முழுநேர ஆலோசக ஆசிரியரையும் பாட்டியின் அனுமதியோடு சந்தியுங்கள்.

இந்தப் பிள்ளைகள் பிறரைத் தாக்குவதையே நாம் பார்க்கிறோம். தம்மையே தாக்கிக்கொள்வதைக் கவனிப்பதில்லை. 2022ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வில் நம் நாட்டு இடைநிலைப்பள்ளி மாணவர்களில் எட்டில் ஒருவருக்குத் தற்கொலை எண்ணம் வந்ததாகத் தெரிந்தது. நடுக்கத்தோடு உட்கார்ந்திருந்த பையனிடம் அமைதியான ஒரு வேளையில் இதை நேரடியாகவே கேட்கலாம்; கேட்பதனால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய சட்டப்பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டதால், உதவி கேட்டால் போலீஸ் வழக்காகுமோ என்று பாட்டியும் அஞ்ச வேண்டியதில்லை.

கடைசியாகச் சட்டம். இப்போதும் அவனை யாராவது அடித்து வருவதாகத் தெரிந்தால் 15999 என்ற தாலியான் காசே உதவித் தொலைபேசி எண்ணுக்கோ சமூக நலத்துறைக்கோ தெரிவியுங்கள். 2001ஆம் ஆண்டின் சிறார் சட்டம் மருத்துவர், குடும்பத்தினர், ஊதியம் பெற்றுக் குழந்தைகளைக் கவனிப்போர் ஆகியோருக்கு இதைக் கடமையாக்கியிருக்கிறது. ஊதியமில்லாத் தொண்டர் அந்தப் பட்டியலில் இல்லை என்பதற்காக நாம் வாளாவிருக்கலாகாது. அதே சட்டத்தின் 46ஆம் பிரிவின்படி, பிள்ளை தன் கட்டுப்பாட்டில் இல்லை என்று பராமரிப்பவரே நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். அதன் முடிவு பிள்ளையை வீட்டிலிருந்து பிரித்து விடுதியொன்றுக்கு அனுப்புவதாகவும் இருக்கலாம். அக்கம்பக்கத்தார் பாட்டியிடம் அந்த யோசனையைச் சொல்லிக்கொண்டிருந்தால், கையெழுத்திடுமுன் நலத்துறை அதிகாரியிடம் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள்.

பதில் 4
எழுதியவர்: உருமி மேளக் குழுப் பொறுப்பாளர், ஆயர் ஈத்தாம், பினாங்கு

வணக்கம். நான் படித்த நிபுணன் அல்லன். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் வாசிக்கும் உருமி மேளக் குழுவொன்றை நடத்துகிறேன். இதுபோன்ற பையன்கள் பலர் எங்களோடு இருக்கிறார்கள். நீக்கிவிடலாம் என்ற யோசனைக்கு மட்டும் பதில் சொல்ல விரும்புகிறேன்.

2013இல் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டபோது, அவற்றில் நம் இந்திய இளைஞர்களே மிகப் பெரிய எண்ணிக்கையில் இருக்கிறார்கள் என்று எல்லாரும் அதிர்ந்து பேசினோம். அந்தப் பையன்களைக் கும்பல்காரர்கள் எப்படிச் சேர்க்கிறார்கள் என்பதை அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் நின்று பார்த்தால் தெரியும். சாப்பாடு வாங்கிக் கொடுப்பார்கள். பெயர் சொல்லி அழைப்பார்கள். ஒரு நாள் அவன் வரவில்லையென்றால், மறுநாள் இருவர் மோட்டார் சைக்கிளில் வீட்டு வாசலுக்கே வந்து ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். நம் வகுப்புக்கோ குழுவுக்கோ ஒருவன் வராமல் போனால் நாம் போய்க் கேட்கிறோமா?

எங்கள் பயிற்சியில் கோபத்தோடு வருகிறவனை உட்கார வைத்துப் பேசுவதில்லை. உருமியைக் கொடுத்து, எல்லாரோடும் ஒரே தாளத்தை மெதுவாக வாசிக்கச் சொல்வோம். தானாகவே மூச்சு அடங்கும். பிறகு அவனே பேசுவான். ஆசிரியர் ஐயா, உடல் அடங்கிய பின்புதான் பேச்சு என்று எழுதியதைப் படித்தபோது, நாங்கள் கண்ணால் கண்டது அதுவே என்று தோன்றியது. அவனை அனுப்பிவிடாதீர்கள், அக்கா. நீங்கள் விட்டால் எடுத்துக்கொள்ள ஆள் காத்திருக்கிறது.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு குழுவினரைக் கூட்டி இவற்றைப் படித்துக் காட்டினேன். சிறைப் பயணத்தையும் முகாமையும் ஒருமனதாகக் கைவிட்டார்கள். ரோத்தானைச் சொன்ன பெரியவர் இன்னும் முழுமையாக ஒப்பவில்லை, ஆனால் தொடமாட்டோம் என்ற விதிக்கு இணங்கினார். தோளைப் பிடித்த தொண்டர் இளைஞர். அவருக்கும் இச்சம்பவம் பாரமாக இருக்கிறது. அவரைக் குறை சொல்லாமல், எல்லாத் தொண்டர்களுக்குமாக ஒரு பயிற்சி மாலை வைக்க முடிவு செய்தோம்.

அடிபட்ட மாணவனின் வீட்டுக்கு இன்று போய் வந்தேன். அவன் கேட்டது ஒன்றே: புதன்கிழமைகளில் தன் அக்காளும் கூட வந்து பக்கத்தில் உட்காரலாமா என்று. சரி என்றேன். பெரியவன் திங்களும் வெள்ளியும் வருவான். புதன்கிழமை அவன் வகுப்புக்கு வராத நாளாகிவிட்டதால், அந்த மாலையில் தொண்டர் ஒருவர் அவன் வீட்டுக்குப் போய்ப் பாட்டியையும் அவனையும் பார்த்துவிட்டு வருவார். வராத நாளில் யார் தேடிப் போகிறார்கள் என்று பினாங்குத் தம்பி கேட்டதை வைத்தே இந்த ஏற்பாடு.

பாட்டி மருந்தகத்துக்கு வரச் சம்மதித்திருக்கிறார். ஆனால் மருத்துவரிடம் மலாய்மொழியில் இவற்றையெல்லாம் எப்படிச் சொல்வது என்று தயங்குகிறார். நான் கூடப் போகிறேன். அவன் எதிரிலேயே தந்தையைப் பற்றிய எல்லாவற்றையும் சொல்ல வேண்டிவருமா, அல்லது பாட்டி மட்டும் முதலில் மருத்துவரைப் பார்க்கும்படி கேட்கலாமா?

பதில் 5
எழுதியவர்: சமூக நலப் பணியாளர், கோலாலம்பூர்

தாராளமாகக் கேட்கலாம். பதிவு முகப்பில் விவரம் எதுவும் சொல்ல வேண்டாம். "பிள்ளையின் நடத்தை குறித்து மருத்துவரிடம் தனியாகப் பேச வேண்டும்" என்பது போதும். நடந்தவற்றைத் தேதி வாரியாக ஒரே பக்கத்தில் மலாய்மொழியில் எழுதி, பாட்டிக்குப் படித்துக் காட்டி, அவர் ஒப்பிய பிறகு மருத்துவரிடம் கொடுங்கள்; அப்போது அதே கதையை மூன்று இடங்களில் வாய்விட்டுச் சொல்லும் வேதனை குறையும். பையனின் பிறப்புப் பத்திரத்தையும் மைகார்டு அடையாள அட்டையையும் பாட்டியின் மைகார்டையும் எடுத்துச் செல்லுங்கள். பையனிடம் எங்கே போகிறோம், யாரைப் பார்க்கிறோம், அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். அதில் எதையாவது நீக்க வேண்டும் என்று அவன் கேட்டால், அதற்கும் இடம் கொடுங்கள்.